மூணே முக்கால் ஜுரம்

"யுத்தம் முடிஞ்ச மறு வருஷம், மூணு மாசம், மயிலாப்பூர்ல ஒருத்தனும் கடியாரம் பாக்கல நைனா. என் ஜொரத்தப் பாத்துதான் மணி தெரிஞ்சிகினாங்க. லஸ்ஸுல டிராம் வண்டி நின்னுகினே இருக்கும். இங்க எனக்கு மொத நடுக்கம் வந்திச்சுன்னு ஆள் போய்ச் சொன்னாதான் கெளம்பும்."

அப்துல் கய்யூம் இதைச் சொல்லும்போதெல்லாம் அவர் வாயில் நாலு குண்டூசி இருக்கும். பொய் பேசுகிற வாயில் குண்டூசி நிற்காது, தொண்டைக்குள் போய்விடும் என்பது அவர் கட்சி. கச்சேரி ரோட்டில் அவருடைய தையல் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இந்தக் கதையை நம்பினார்கள். மீதிப் பேர், தீபாவளிக்குள் துணி கைக்கு வந்தாக வேண்டுமே என்று நம்பினார்கள். நம்ப மாட்டேன் என்று அடம்பிடித்தவர் ஒரே ஒருவர்தான். கணக்கு வாத்தியார் சுவாமிநாதன்.

"பொய்," என்பார் வாத்தியார். "அந்த மூணு மாசமும் ஊர்ல கடியாரமெல்லாம் ஒழுங்கா ஓடிண்டுதான் இருந்தது. உம்ம ஜுரத்தை வெச்சுண்டு யாரும் மணி பார்க்கலை. ஒரு பிராணிகூடப் பார்க்கலை."

மூன்று வருஷமாக இதே வழக்கு. மற்றதிலெல்லாம் வாத்தியார் நியாயஸ்தர். கய்யூம் செத்துப் பிழைத்ததை ஒப்புக்கொள்வார், மஞ்சளாகிப் போனதை ஒப்புக்கொள்வார், நெற்றியில் அப்பளம் சுட்டதைக்கூட ஒரு பக்கம் மட்டும் சிவந்திருக்கலாம் என்று விட்டுக்கொடுப்பார். மணி விஷயம் வந்தால் மட்டும் மூக்கு நுனி சிவந்துவிடும். ஏன் என்று கய்யூமுக்கு விளங்கியதே இல்லை.

நடந்தது இதுதான்.

கடையின் முன்பக்கம் தையல், பின்பக்கம் குடித்தனம். கய்யூமின் படுக்கையறையும், பின்தெருவில் வாசல் வைத்த வாத்தியார் வீட்டு அடுக்களையும் முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டு ஒரே சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் கய்யூமின் தேக்குக் கட்டில், அந்தப் பக்கம் வாத்தியாரின் மனைவி விசாலாக்ஷியின் காபி அடுப்பு.

நாற்பத்தாறாம் வருஷம் வைகாசிக் கடைசியில் கய்யூமுக்கு முறைக்காய்ச்சல் பிடித்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள், பிற்பகல் மூணே முக்காலுக்கு வரும். ஒரு நிமிஷம் முந்தாது, ஒரு நிமிஷம் பிந்தாது. முதலில் கால் கட்டைவிரலில் சில்லென்று ஒரு ஊசி குத்தும். அப்புறம் பல் கிட்டும். மனைவி சகினா போர்வை மேல் போர்வையாகப் போடுவாள். ஆறு போர்வை, இரண்டு ஜமக்காளம், தைக்க வந்திருந்த வக்கீல் கோட்டுத் துணி எட்டு கஜம். அதற்கும் நடுக்கம் அடங்கவில்லை என்றால் சகினாவே மேலே ஏறி உட்கார்ந்துகொள்வாள். அவள் ஒன்றும் காற்றில் பறக்கிற உடம்பு இல்லை. அவளையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு கட்டில் ஆடும். கட்டில் தலைமாடு சுவரில் டகடகவென்று மோத, அந்தப் பக்கம் மாமியின் அலமாரியில் டவரா டம்ளர் அத்தனையும் ஜதி போடும். (அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு போன வக்கீல், ஹைகோர்ட்டில் ஜட்ஜ் முன்னால் காரணமே இல்லாமல் கிடுகிடுவென்று நடுங்கினார் என்பது கய்யூம் பிற்பாடு சேர்த்துக்கொண்டது.)

டவரா ஆடினால் விசாலாக்ஷி, "பகவானே, அந்த மனுஷனை விட்டுடேன்," என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, காபிக்குத் தண்ணீர் வைப்பாள். வேண்டுதலும் காபியும் ஒரே அடுப்பில் நடந்தன.

குளிர் விட்டதும் சூடு. சூடு விட்டதும் வேர்வை. கட்டிலுக்கு அடியில் ஒரு நாள் சகினா குடம் வைத்துப் பார்த்தாள், அரைக் குடம் நிறைந்தது. கய்யூமின் கணக்கில் முக்கால் குடம். இப்படியெல்லாம் அவர் சொல்வது சகினா சிரிக்க வேண்டும் என்பதற்காக. முதல் மாசம் சிரித்தாள். இரண்டாவது மாசம் பாதி சிரித்தாள். மூன்றாவது மாசம், அளவு நாடாவை எடுத்து அவர் மார்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு, நாடாவைச் சுருட்டி வைத்தாள். முப்பத்தெட்டு இருந்த மார்பு முப்பத்தொன்றுக்கு வந்திருந்தது. கய்யூம் தையல்காரர். முப்பத்தொன்று என்பது பதினாலு வயதுப் பிள்ளையின் சட்டை அளவு என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

மருந்து இல்லாமல் இல்லை. ஆழ்வார்பேட்டை டாக்டர் ஸ்ரீரங்கன் கொயினா கொடுத்தார். சகினா வீட்டிலிருந்து சீசா கழுவிக் கொண்டுபோவாள், கம்பவுண்டர் கலக்கி ஊற்றி, காகிதத்தைப் பல் பல்லாக வெட்டி வேளைக்கு இவ்வளவு என்று ஒட்டித் தருவார். முன்பெல்லாம் கொயினா என்றால் காய்ச்சல் வாசலோடு திரும்பிப் போய்விடும். இந்தக் காய்ச்சல் உள்ளே வந்து உட்கார்ந்து, கொயினாவையும் சேர்த்துக் குடித்தது. கய்யூமுக்கு மிஞ்சியது கசப்பும் காதிரைச்சலும். காதுக்குள் இருபது கொல்லுப் பட்டறை நடந்தது. பக்கத்துப் பள்ளிவாசலில் பாங்கு சொல்வதை, சகினா தலையில் முக்காட்டை இழுத்து விடுவதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். பிற்பகல் தொழுகைக்கான அஸர் பாங்குக்கு அதுவும் இல்லை. காய்ச்சல் நாளில் அந்த நேரம் அவர் எட்டு கஜம் கோட்டுத் துணிக்கு அடியில் இருப்பார்.

ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஜட்கா வண்டிக்காரர் கபாலி அவரைத் தூக்கி வண்டியில் வைத்து ஆழ்வார்பேட்டைக்கு ஓட்டினார். டாக்டர் விலாவுக்குக் கீழே விரலை வைத்து அழுத்திப் பார்த்தார்.

"மண்ணீரல் தொப்புள் வரைக்கும் வந்துடுத்து பாய். கொயினா நிறுத்திடுவோம். இந்த ஜுரத்துக்கு அது பழகிப்போச்சு. நமக்குக் காபி மாதிரி."

"அப்ப காபியே குடுத்துப் பாருங்க டாக்டரே. கொயினாக்கு அது பயப்படுதோ என்னமோ."

டாக்டர் சிரிக்கவில்லை. சகினா அதைக் கவனித்தாள்.

அலமாரியிலிருந்து ஒரு தகர டப்பியை எடுத்தார். உள்ளே மஞ்சள் மாத்திரைகள், கண்ணைப் பறிக்கிற மஞ்சள். "மெப்பாக்ரின். யுத்தத்துல பட்டாளத்துக்காராளுக்குக் கொடுத்தது. ஜாவாவை ஜப்பான்காரன் பிடிச்சதும் கொயினா வரத்து நின்னுபோச்சே, அப்போ இதை வெச்சுண்டுதான் பர்மாக் காட்டுல சமாளிச்சா. வேளைக்கு ஒண்ணு, சாப்பிட்டப்புறம். ஒரு வேளைகூட விடப்படாது. நாளைக்கு ஜுரம் வரும். வெள்ளிக்கிழமையும் வந்தாலும் வரும். ஞாயித்துக்கிழமை வரப்படாது."

"வந்தா?" என்று சகினா கேட்டாள்.

டாக்டர் டப்பியை மூடி அவள் கையில் கொடுத்தார். "வந்தா, என்கிட்ட வேற மருந்து இல்லைம்மா."

வண்டியில் திரும்பும்போது லஸ் வரைக்கும் கபாலிதான் குதிரையிடம் என்னவோ சொல்லிக்கொண்டு வந்தார்.

புதன்கிழமை மூணே முக்காலுக்குக் கட்டில் ஆடியது. வெள்ளிக்கிழமையும் அதே மணிக்கு ஆடியது. ஆனால் அன்றைக்கு நாலு போர்வையோடு நின்றது, சகினா மேலே ஏற வேண்டியிருக்கவில்லை. அவள் கீழேயே நின்றுகொண்டு, சிரிக்கலாமா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை காலை வேறு ஒன்று வந்தது. கய்யூம் மஞ்சளாகிவிட்டார்.

கொஞ்ச நஞ்ச மஞ்சள் இல்லை. உள்ளங்கை மஞ்சள், நெற்றி மஞ்சள், காது மடல் மஞ்சள். எலுமிச்சம்பழக் கூடைக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தால் டஜன் கணக்கில் விலை கேட்டிருப்பார்கள். பால் கொண்டுவந்த முனியம்மாள் பார்த்துவிட்டுச் செம்பைக் கீழே வைத்தாள். "மஞ்ச காமாலைம்மா இது. ஜொரம் ஈரல்ல எறங்கிடுச்சு. அந்த மாத்திரய மொதல்ல நிறுத்து, சாவடிச்சிடும்." அரை மணி நேரத்தில் கபாலி ஒரு கட்டுக் கீழாநெல்லியோடு வந்தார். குதிரைக்குப் புல் அறுக்கப் போன இடத்தில் பறித்தாராம்.

சகினா தகர டப்பியை எடுத்து அரிசிப் பானைக்குள் புதைத்தாள். மத்தியான மாத்திரை உள்ளே போகவில்லை.

"ஒரு வேளகூட வுடக்கூடாதுன்னாரே," என்றார் கய்யூம்.

"மஞ்சளாவும்னு சொன்னாரா? சொல்லலியே. மருந்தா இது, கல்யாணத்துக்குப் பூசற மஞ்சளா? நான் குடுக்க மாட்டேன்."

கீழாநெல்லி ஒரு பக்கம், மாத்திரை ஒரு பக்கம். இரண்டில் ஒன்று அவரைக் கொல்லும், ஒன்று காப்பாற்றும், எது எது என்று தெரியவில்லை. கய்யூம் கட்டிலில் படுத்துக்கொண்டு சுவரைக் கையால் தட்டினார். அவருடைய ஆயுளில் விளையாட்டுக்கு இல்லாமல் அந்தச் சுவரைத் தட்டியது அதுதான் முதல் தடவை.

வாத்தியார் வீட்டில் அன்றைக்கு மூச்சுவிட நேரமில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அவர்களுடைய மூத்த பெண் சூடாமணிக்குத் தியாகராய நகரில் நிச்சயதாம்பூலம். நாலரைக்கு ராகு காலம் தொடங்குகிறது. அதற்குள் வீட்டைவிட்டுக் கிளம்பிவிட வேண்டும், ஆறு மணி தாண்டித் தாம்பூலம் மாற்ற வேண்டும் என்று விசாலாக்ஷி பஞ்சாங்கத்தை நாலு பேரிடம் காட்டித் தீர்மானம் பண்ணியிருந்தாள். அப்படியும் சுவர் தட்டிய சத்தம் கேட்டு வாத்தியார் சுற்றிக்கொண்டு வந்தார். கய்யூமைப் பார்த்தார், கீழாநெல்லியைப் பார்த்தார். அங்கவஸ்திரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு ஆழ்வார்பேட்டைக்கு நடந்தார். டாக்டர் வெளியே போயிருந்தார். வாத்தியார் சாயங்காலம் ஐந்து மணியிலிருந்து எட்டு மணி வரை பெஞ்சியில் உட்கார்ந்து காத்திருந்து, விஷயத்தைக் கேட்டுக்கொண்டு திரும்பி வந்தார்.

"பாய், கண்ணை முழியும்."

கய்யூம் முழித்தார். வாத்தியார் அரிக்கேன் விளக்கை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, பரீட்சைத் தாள் திருத்துகிற மாதிரி பார்த்தார்.

"வெள்ளை. கண்ணு ரெண்டும் வெள்ளை வெளேர்னு இருக்கு. காமாலைன்னா கண்ணுதான் முதல்ல மஞ்சளாகும். இது மாத்திரையோட சாயம். பட்டாளத்துல அத்தனை பேரும் மஞ்சளாத்தான் திரிஞ்சாளாம். சகினா, டப்பி எங்கே?"

சகினா அரிசிப் பானைக்குள் முழங்கை வரை விட்டுத் துழாவினாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது.

மத்தியானம் மூன்று மணிக்கே சகினா போர்வைகளை வரிசையாக அடுக்கி வைத்துவிட்டாள். கய்யூம் கட்டிலில் உட்கார்ந்து கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கட்டைவிரலை அன்றைக்கு அவர் பார்த்த பார்வையில் ஒரு பாட்டே கட்டியிருக்கலாம். வீட்டில் கடியாரம் கிடையாது. இத்தனை நாள் தேவைப்படவில்லை, வீட்டுக்காரரே கடியாரம். இப்போது மணி தெரியாமல் தவித்தார்கள். மூணே முக்கால் ஆகியிருக்குமா, இனிமேல்தான் ஆகுமா?

"குளுருதா?" என்றாள் சகினா.

"இல்ல."

கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப?"

"இல்ல சகினா. நீ கேக்கறப்பதான் குளுருது."

சுவருக்கு அந்தப் பக்கம் பட்டுப் புடவைச் சலசலப்பும், தட்டுகள் வைக்கிற சத்தமும் கேட்டன. அப்புறம் அதுவும் ஓய்ந்தது. எல்லோரும் எதற்கோ காத்திருக்கிற மாதிரி ஒரு அமைதி. கய்யூமின் காதிரைச்சல்கூட இரண்டு நாளாகக் குறைந்திருந்தது.

அந்த அமைதியில் பாங்கு கேட்டது.

அஸர் பாங்கு. பள்ளிவாசலிலிருந்து கடைப் பக்கமாக வந்து, பின்கட்டு வரைக்கும் மெலிசாக எட்டியது. கய்யூம் சகினாவின் முக்காட்டைப் பார்க்கவில்லை, தன் காதாலேயே கேட்டார். மூன்று மாசத்தில் முதல் தடவையாக, காய்ந்த சட்டையோடு, ஒற்றைப் போர்வைகூட இல்லாமல், அஸர் பாங்கு முழுவதையும் கேட்டார். அஸர் என்றால் மணி நாலரை. மூணே முக்கால் எப்போதோ வந்து, கதவைத் தட்டாமல் போயிருந்தது.

சகினா அடுக்கி வைத்த போர்வைகள் மேல் பொத்தென்று உட்கார்ந்து அழத் தொடங்கினாள். கய்யூம் சிரித்தார். மூன்று மாசமாக அவளைச் சிரிக்க வைக்கச் சேர்த்து வைத்திருந்த பொய்யெல்லாம் ஒரே சமயத்தில் வாய்க்கு வந்து ஒன்றும் வெளியே வராமல், கட்டிலில் உட்கார்ந்தபடியே எகிறி எகிறிக் குதித்தார். முப்பத்தொரு அங்குல மார்புதான். ஆனாலும் தேக்குக் கட்டில் கிடுகிடுத்தது, சுவர் அதிர்ந்தது. அந்தப் பக்கம் டவரா டம்ளர்கள் ஜதி போட்டன.

"மெதுவா. மாமி வீட்ல விசேஷம்," என்றாள் சகினா, அழுதுகொண்டே.

அப்புறம் பசித்தது. மூன்று மாசத்துப் பசி. சகினா கிண்ணத்தில் கஞ்சி ஊற்றிக் கொடுக்க, அதைக் கையில் வைத்துக்கொண்டு கடைப் படியில் வந்து உட்கார்ந்தார். போகிறவன் வருகிறவன் எல்லாம் இந்த மஞ்சள் மனுஷனை நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். இரண்டாவது கிண்ணம் பாதியில் இருக்கும்போதுதான் கபாலியின் ஜட்கா கடையைத் தாண்டிப் போனது. உள்ளே விசாலாக்ஷி, மடியில் பழத்தட்டு. பக்கத்தில் வாத்தியார், குனிந்த தலை நிமிரவில்லை.

கய்யூமின் கிண்ணம் அந்தரத்தில் நின்றது. ஏழு கிழமையின் ராகு காலமும் அவருக்கு அத்துப்படி. தையல் தொழிலில் அது தெரியாமல் முடியாது. அந்த ஒன்றரை மணி நேரம் புதுத்துணி வாங்க மயிலாப்பூரில் ஒருவரும் வர மாட்டார்கள், தினமும் அவர் கால் நீட்டிப் படுப்பதே அப்போதுதான். ஞாயிற்றுக்கிழமை நாலரை முதல் ஆறு. இப்போது பாங்கு சொல்லி இருபத்தைந்து நிமிஷமாவது இருக்கும்.

"சகினா, வாத்தியார் வீட்ல ராகு காலத்துல கெளம்பிப் போறாங்களே."

"பொண்ணு விஷயம். வாயத் தொறக்காதீங்க. யார்கிட்டயும் சொல்லாதீங்க."

எதையும் மூன்று மடங்காக்கிச் சொல்கிற கய்யூம், இந்த ஒன்றை மட்டும் வாய்க்குள் பூட்டிக்கொண்டார்.

விளக்கு வைத்து ஒரு மணி நேரம் ஆனதும் வாத்தியார் வந்தார். நேராகத் தியாகராய நகரிலிருந்து, தன் வீட்டுக்குக்கூடப் போகாமல், கையில் தாம்பூலப் பையோடு வந்தார். படியில் மஞ்சளாக உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததும் அப்படியே நின்றார்.

"பாய். இன்னிக்குக் கட்டில் ஆடித்தே."

"ஜொரத்துல ஆடல வாத்தியாரே. குஷில ஆடிச்சு. அஸர் பாங்கு சொன்னாங்க பாருங்க, அப்ப. ஜொரம் வரவே இல்ல."

வாத்தியார் தாம்பூலப் பையை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். வேஷ்டி அழுக்காகும் என்றுகூடப் பார்க்கவில்லை. பைக்குள்ளிருந்து ஒரு ஆப்பிளை எடுத்துக் கய்யூமின் கையில் வைத்து, அந்த மஞ்சள் கையை விடாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். சந்தோஷம் என்று கய்யூம் நினைத்துக்கொண்டார். சந்தோஷம்தான். வேறொன்றும் அதில் இருந்தது என்பது மூன்று வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

மாத்திரை முடிந்து, மஞ்சள் மெதுவாக இறங்கி, தையில் கய்யூம் பழைய நிறத்துக்கு வந்தார். மார்பு நாற்பதுக்குப் போனது. காய்ச்சல் திரும்பவே இல்லை. நாற்பத்தொன்பதில், வாத்தியாரின் இரண்டாவது பெண்ணுக்கும் நிச்சயதாம்பூலம் முடிவாயிற்று. அதற்கு ரவிக்கைத் துணி கொடுக்க விசாலாக்ஷி கடைக்கு வந்தாள், வாத்தியார் பின்னால் வந்தார். கபாலி வெளியே குதிரையை நிழலில் கட்டிவிட்டு உள்ளே வந்து குந்தியிருந்தார்.

"இதுவும் ஞாயித்துக்கிழமைதான் பாய்," என்றாள் விசாலாக்ஷி. "சூடாமணிக்குக் கிளம்பினோமே, அதே மாதிரி டாண்ணு நாலு மணி பத்து நிமிஷத்துக்குக் கிளம்பணும்னு இவர்கிட்ட சொல்லிட்டேன். அன்னிக்கு வேளை பார்த்துக் கிளம்பினதுதான் அவளை வாழ வெச்சிண்டிருக்கு. ரெண்டு குழந்தை, தங்கமான மாப்பிள்ளை, மாமியார்கூட ஒரு சொல் சொன்னதில்லை."

கய்யூமின் வாயில் அன்றைக்கும் நாலு குண்டூசி இருந்தது. சந்தோஷத்தில் சகினாவின் எச்சரிக்கை மறந்துபோயிற்று.

"நாலு பத்தா? இன்னா மாமி, அஸர் பாங்கு சொல்லி நான் ரெண்டாவது கிண்ணம் கஞ்சி குடிச்சிகினு இருந்தேன், அப்பதான வண்டி போச்சு. அஞ்சு மணி இருக்கும்."

உள்ளேயிருந்து சகினாவின் வளையல் ஒன்று கிணுங்கியது. கபாலி மோட்டுவளையைப் பார்த்தார்.

விசாலாக்ஷி மெல்லத் திரும்பினாள். "ஏன்னா. உங்க கடியாரம் நாலு பத்துன்னு சொல்லித்தே. நீங்கதானே எடுத்துக் காட்டினேள்."

வாத்தியாரின் கை தானாக இடுப்புக்குப் போனது. வெள்ளிச் சங்கிலிக் கடியாரம். யுத்தத்தில் சர்க்கார் ஊர்க் கடியாரங்களையெல்லாம் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிப் பின்னால் இழுத்ததிலிருந்து, வேறு எந்தக் கடியாரத்தையும் அவர் மதித்ததில்லை. தினமும் மாலை ஏழு மணிக்குச் சாவி கொடுப்பார். முப்பது வருஷத்தில் அது ஒரு நிமிஷம் தப்பியதில்லை என்று பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் புதுப் பையன்களுக்குச் சொல்வார்.

"அந்தக் கடியாரம் தப்பாப் போச்சா?" என்றாள் விசாலாக்ஷி. "இல்லை பாய் பொய் சொல்றாரா?"

இரண்டு பக்கமும் வாத்தியாரால் போக முடியவில்லை. பாய் பொய் சொல்கிறார் என்று தலையாட்டிவிட்டால் முடிந்தது. கய்யூம்கூட அதற்குத் தயாராக இருந்தார், பழக்கப்பட்ட பட்டம்தான். ஆனால் வாத்தியார் கய்யூமின் கையைப் பார்த்தார். அன்றைக்கு மஞ்சளாக இருந்த கை.

"கடியாரம் தப்பலை," என்றார். "முதல் நாள் ஏழு மணிக்கு நான் ஆழ்வார்பேட்டையில டாக்டர் பெஞ்சியில உட்கார்ந்திண்டிருந்தேன். சாவி கொடுக்க மறந்துபோச்சு. நின்னுடுத்து. ஞாயித்துக்கிழமை கார்த்தால எழுந்து குத்துமதிப்பா முள்ளை வெச்சேன். சரியாத்தான் வெச்சிருக்கேன், அது அப்போ தெரியலை. மத்தியானம் அது மூணே முக்கால்னு காட்டறது, இவர் கட்டில் ஆடலை. நாலுன்னு காட்டறது, ஆடலை. நாலே காலுக்கும் ஆடலை. நீ கிளம்பலாமாங்கறே. மணி என்னன்னே எனக்குத் தெரியலையே, என்ன சொல்றது? நாலரைக்குக் கட்டில் ஆடித்து."

"அதுக்கு?"

"அப்பாடா, இப்போதான் மூணே முக்கால்னு, முள்ளை முக்கால் மணி பின்னாடி தள்ளினேன்."

குண்டூசி நாலும் கய்யூமின் வாயிலிருந்து ஒவ்வொன்றாகத் துணி மேல் விழுந்தன.

"வண்டியில வரச்சே மனசு ஆறலை," என்றார் வாத்தியார். "ஞாயித்துக்கிழமையும் வந்துடுத்தே, இனிமே மருந்தில்லையே, திரும்பிப் போறச்சே இந்த மனுஷன் இருப்பாரோ மாட்டாரோன்னு. சம்பந்தி ஆத்துக் கூடத்துல நுழைஞ்சா, சுவர்க் கடியாரம் ஆறுக்கு இருபது நிமிஷம்ங்கறது, என்னுது இன்னும் அஞ்சு அடிக்கலை. அப்போதான் புரிஞ்சுது. ராகு காலத்துல நடுநாயகமா வந்து நிக்கறோம். ஆனா, இவருக்கு மூணே முக்காலுக்கு ஜுரம் வரலை. ரெண்டும் ஒரே க்ஷணத்துல தெரிஞ்சா மனுஷன் அழறதா சிரிக்கறதா? யார்கிட்ட சொல்ல?"

எல்லோரும் விசாலாக்ஷியைப் பார்த்தார்கள். அவள் ரவிக்கைத் துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். விரல் விட்டு எதையோ எண்ணினாள். இரண்டு பேரக் குழந்தைகள், மாப்பிள்ளை, மாமியார்.

"அப்படின்னா," என்றாள் கடைசியில், "இவளுக்கும் அஞ்சு மணிக்கே கிளம்பிடலாம். கபாலி, வண்டியை அப்போ கொண்டுவா. பாய், நீர் படியில உட்கார்ந்து கஞ்சி குடிக்கணும். ரெண்டு கிண்ணம்."

"மூணு குடிக்கிறேன் மாமி," என்றார் கய்யூம். அப்புறம் வாத்தியார் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டு, மூன்று வருஷத்து வழக்கைக் கையில் எடுத்தார். "இப்ப சொல்லுங்க வாத்தியாரே. என் ஜொரத்தப் பாத்து மயிலாப்பூர்ல மணி வெச்சாங்களா இல்லியா?"

வாத்தியார் கடியாரத்தை எடுத்துப் பார்த்தார். இடுப்பில் சொருகினார்.

"டிராம் வெச்சுதாங்கறது எனக்குத் தெரியாது," என்றார். "எங்காத்துல வெச்சோம். நடந்தது ஓய். நடந்ததுதான்."